வட்டமா சுத்துற பொம்மை ரயில் போரடிச்சிருச்சா? வீட்டுக்குள்ளேயே ஒரு நிஜ ரயில்வே நடத்தலாம்!

ராத்திரி ரயில். பேர் தெரியாத ஏதோ ஒரு ஸ்டேஷன். இருபது நிமிஷமா வண்டி நகரவே இல்லை. "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டால், எதிர் பெர்த் பெரியவர் கண்ணைத் திறக்காமலேயே ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: "கிராசிங்." கொஞ்ச நேரத்தில் பக்கத்து லைனில் ஓர் எக்ஸ்பிரஸ் தடதடவெனப் பாய்ந்து போகும். அதுக்கப்புறம்தான் நம்ம வண்டிக்கு சிக்னல் விழும்.

நமக்கு எரிச்சலாக இருக்கும் இந்த இருபது நிமிஷத்தை ரசிப்பதற்காகவே, வீட்டுப் பரணிலும் கார் ஷெட்டிலும் பலகை அடித்து குட்டி ரயில்கள் ஓட்டும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை ரயில் ஓடுவது பாதி சுவாரஸ்யம்தான். அது எங்கே நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது, எந்த வேகனை எங்கே விட்டுவிட்டுப் போகிறது என்பதில்தான் மீதி பாதி இருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆபரேஷன்'.

மாடல் ரயில் செட் வாங்கிய பலருக்கும் கதை ஒரே மாதிரிதான். பெட்டியைப் பிரித்து, வளைவுத் தண்டவாளங்களைக் கோத்து, என்ஜினை ஓடவிட்டால் முதல் நாள் குடும்பமே சுற்றி நின்று பார்க்கும். மூன்றாம் நாள் வாங்கியவர் மட்டும் பார்ப்பார். பத்தாம் நாள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். என்ஜின்மீது ஒரு குறையும் இல்லை. அதுக்குப் போக ஓர் ஊர் இல்லை, செய்ய ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

மேடை, நடிகர், கதை

இந்தப் பிரச்னையை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஃப்ராங்க் எலிசன். நாடகத் துறையிலிருந்து வந்தவர். நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் வீட்டில் 'டெல்டா லைன்ஸ்' என்ற கற்பனை ரயில்வேயை வைத்திருந்தார். லே-அவுட்டை ஒரு மேடையாகவும், ரயில்களை நடிகர்களாகவும், டைம்டேபிளைக் கதையாகவும் பார்க்கச் சொன்னார். 1940-களில் வந்த யோசனை இது.

பிறகு 1963-ல் ஜான் ஆம்ஸ்ட்ராங் எழுதிய ஒரு புத்தகம் வந்தது. நிஜமான இயக்கத்துக்கு ஏற்றபடி தண்டவாளம் போடத் திட்டமிடுவது எப்படி என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு முதலில் கைகாட்டப்படும் புத்தகம் அதுதான். அதில் வரும் ஒரு பழக்கத்தை நாமும் கடன் வாங்கலாம். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் 'மாற்ற முடியாதவை' என்றும் மறுபக்கம் 'ஆசைகள்' என்றும் தலைப்பு போடுங்கள். கதவு எங்கே திறக்கிறது, பீரோ எங்கே நிற்கிறது, ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடுவாரா என்பதெல்லாம் முதல் பக்கம். நீராவி என்ஜின், மலைப்பாலம், நீளமான எக்ஸ்பிரஸ் எல்லாம் இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தை நேர்மையாக எழுதி முடித்தாலே இரண்டாம் பக்கத்தில் பாதி தானாக அடிபட்டுவிடும்.

பார்க்க அழகான இடம் வேறு, வேலை நடக்கிற இடம் வேறு

'எதை மாடல் பண்ணலாம்?' என்று நம்மூர்க்காரரிடம் கேட்டால் உடனே வரும் பதில் பாம்பன் பாலம். போட்டோவுக்குப் பிரமாதமான இடம், மறுப்பே இல்லை. ஆனால், லே-அவுட்டில் அதை மட்டும் செய்து வைத்தால் என்ன நடக்கும்? ரயில் ஒரு பக்கம் வரும், மெதுவாகப் பாலத்தைக் கடக்கும், மறுபக்கம் போகும். அடுத்த ரயிலும் அதையேதான் செய்யும்.

அதே பாதையின் கடைசியில் இருக்கும் ராமேஸ்வரம் ஸ்டேஷனை யோசித்துப் பாருங்கள். வண்டி வந்து நிற்கும். என்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். பெட்டிகளைச் சுத்தம் செய்யும் லைனுக்குத் தள்ள வேண்டும். அடுத்த வண்டிக்கு பிளாட்பாரத்தைக் காலி செய்ய வேண்டும். ஒரே ஒரு ரயிலுக்கே இவ்வளவு வேலை! லே-அவுட் நாலு வருஷம் உயிரோடு இருக்குமா, பத்து நாளில் தூசி படியுமா என்பதை இந்த ஒரு தேர்வே தீர்மானித்துவிடும். பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலத்தை ஓரமாக வையுங்கள், ஸ்டேஷனை நடுவில் வையுங்கள்.

முதலில் டேப்பை எடுங்க

ஆசைக்குக் கடிவாளம் போடுவது கணக்குதான். அதிகம் புழங்கும் அளவு ஹெச்ஓ. நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. அடுத்தது என் ஸ்கேல், 160-ல் ஒரு பங்கு. சென்னையிலிருந்து மதுரை ரயில் பாதையில் சுமார் 490 கி.மீ. அதை ஹெச்ஓ-வில் அப்படியே செய்தால் ஐந்தரை கி.மீ-க்கு மேல் பலகை வேண்டும். நம்ம நீல நிற ஐ.சி.எஃப் பெட்டி ஒன்று ஹெச்ஓ-வில் சுமார் 25 செ.மீ வரும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் என்றால், என்ஜின் இல்லாமலேயே 6 மீட்டர். பெட்ரூம் சுவரே அவ்வளவு நீளம் இருக்காது.

அதனால், எல்லோரும் சுருக்கித்தான் செய்கிறார்கள். 24 பெட்டிக்கு 5 பெட்டி போதும், பார்க்கிறவர் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆனால், வளைவு மட்டும் சுருக்கத்துக்கு ஒத்துவராது. ஒரு பெட்டி வளைவில் ஒழுங்காகத் திரும்ப, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. 25 செ.மீ பெட்டிக்கு 75 செ.மீ ஆரம். அப்படியானால் ரயில் திரும்பி வரவே ஐந்தடிக்கு மேல் அகலம் வேண்டும். நாலடி அகலக் கட்டில் பலகையில் நீள எக்ஸ்பிரஸ் ஓட்டும் திட்டம் இங்கேயே படுத்துவிடும். சின்னப் பெட்டிகள், சின்ன என்ஜின்கள், கிளைப் பாதை என்று இறங்கி வந்தால் எல்லாம் சரியாகும்.

கை எட்டும் தூரத்தையும் மறக்க வேண்டாம். முன்னால் நின்று கை நீட்டினால் வசதியாக எட்டுவது இரண்டரை அடிதான். அதற்கு அப்பால் தடம் புரண்டால் எடுத்து வைக்க முடியாது. அறை நடுவில் பெரிய மேஜை போடுவதைவிட, சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குப் புத்தக அலமாரி மாதிரி பலகை போடுவது நல்லது. இடமும் மிச்சம், நீளமும் அதிகம். ரயிலோடு கூடவே நடந்து போகவும் முடியும்.

எட்டு வேகன், மூன்று லைன்

'எங்க வீட்டுல அவ்வளவு இடமெல்லாம் இல்லைங்க' என்பவர்களுக்காகவே ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கிள்நூக் சைடிங்ஸ்' என்ற திட்டம் அது. இரண்டே இரண்டு பாயிண்ட்கள்தான். பாயிண்ட் என்றால் ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம். மொத்தம் மூன்று முட்டுச்சந்து லைன்கள். நீளமானதில் ஐந்து வேகன்கள் நிற்கலாம். மற்ற இரண்டில் தலா மூன்று. மூன்றும் ஒன்றுசேரும் முன்பக்கத் தண்டவாளத்தில் ஓர் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே நிற்க இடம்.

வேகன்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, ஐந்து சீட்டை வரிசையாக எடுங்கள். அந்த ஐந்து வேகன்களும் அதே வரிசையில் நீளமான லைனில் நிற்க வேண்டும். கையால் தூக்கக் கூடாது, என்ஜின் மட்டும்தான் இழுக்கலாம், தள்ளலாம்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? எட்டில் ஐந்தை வரிசைப்படி எடுக்க 6,720 வழிகள் உண்டு. தினமும் ஒரு புதிர் போட்டாலும் 18 வருஷம் ஓடும்! லைன்களில் மொத்தம் 11 வேகன்களுக்கு இடமிருந்தும் எட்டு மட்டும் வைத்திருப்பதில்தான் சூட்சுமம். அந்த மூன்று காலி இடங்கள் இருப்பதால்தான் நகர்த்தவே முடிகிறது. பெரிய யார்டு கட்டுகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். இருக்கிற லைன் எல்லாவற்றையும் வேகனால் நிரப்பிவிட்டால், அப்புறம் அது யார்டு இல்லை, ஷோகேஸ். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

ஹெச்ஓ-வில் இந்தத் திட்டத்துக்கு ஆறடி நீளம், ஓரடி அகலம் தாராளம். என் ஸ்கேலில் மூன்றரை அடி போதும். டிவி ஸ்டாண்டு அளவு!

இதே வகையில் ஜான் ஆலன் என்ற அமெரிக்கர் செய்த 'டைம்சேவர்' என்ற புதிரும் பிரபலம். நேரம் வைத்துப் போட்டி போட சரியான விளையாட்டு. ஆனால், வேண்டுமென்றே சிக்கலாக்கிய அமைப்பு அது. நிஜ ரயில்வேயில் எந்த இன்ஜினீயரும் அப்படிப் பாதை போட மாட்டார். நிஜம் மாதிரி வேண்டுமென்றால் என் ஓட்டு இங்கிள்நூக்குக்குத்தான். பின்னால் இடம் கிடைத்தால், அதையே பெரிய லே-அவுட்டின் ஒரு மூலையாகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

என்ஜின் மாட்டிக்கொள்ளும் இடம்

திட்டம் வரையும்போது பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். ரயில் இடமிருந்து வலமாகப் போகிறது, என்ஜின் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். வழியில் ஒரு சிமென்ட் குடோனுக்குக் கிளை லைன் பிரிகிறது. அந்தக் கிளை பின்பக்கம் பார்த்துப் பிரிந்தால் பிரச்னை இல்லை. பாயிண்ட்டைத் தாண்டி நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, வேகனை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிடலாம். கிளை முன்பக்கம் பார்த்துப் பிரிந்தால்? என்ஜின்தான் முதலில் உள்ளே போகும். வேகனை விட்டுவிட்டு வெளியே வர வழியில்லை. வேகன் வெளிப்பக்கம், என்ஜின் முட்டுச்சுவர் பக்கம்!

இதற்குத்தான் லூப் லைன். வேகனை மெயின் லைனில் விட்டுவிட்டு, என்ஜின் லூப் வழியாகச் சுற்றிக்கொண்டு அதன் பின்பக்கம் வந்து, வேகனைத் தள்ளிக்கொண்டே கிளைக்குள் நுழையலாம். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனை வரைந்ததும், பென்சில் முனையையே என்ஜினாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எல்லாக் கிளைக்குள்ளும் வேகனை விட்டுவிட்டு வெளியே வர முடிகிறதா? கடைசி ஸ்டேஷனில் லூப்பைத் தாண்டி என்ஜின் முழுதாக நிற்க நீளம் இருக்கிறதா? இரண்டு செ.மீ குறைந்தால்கூட மொத்த ஸ்டேஷனும் வீண்.

லூப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. முதலில் பார்த்த அந்த 'கிராசிங்'. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால், ஒன்று லூப்பில் ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்கும் வண்டி லூப்பைவிட நீளமாக இருந்தால் சிக்கல். ஆக, உங்கள் ரயில்வேயில் எத்தனை பெட்டி ரயில் ஓடலாம் என்பதை உங்களிடம் உள்ள மிகச் சின்ன லூப்தான் முடிவு செய்யும். லூப் போட்டுவிட்டு ரயில் வாங்குங்கள், ரயில் வாங்கிவிட்டு லூப் தேடாதீர்கள்.

பலகைக்கு வெளியே இருக்கும் ஊர்கள்

ரயில் எங்கிருந்தோ வர வேண்டும், எங்கேயோ போக வேண்டும். அறையோ அதே அறைதான். ஒஹையோ மாநிலத்தின் ஆலன் மெக்லெலண்ட் தன் 'வர்ஜீனியன் அண்டு ஒஹையோ' லே-அவுட்டில் இதற்குக் காட்டிய வழி பலரையும் மாற்றியது. கண்ணுக்குத் தெரிவது ஒரு பெரிய ரயில்வேயின் நடுத்துண்டு மட்டுமே. இரண்டு முனைகளிலும் திரைக்குப் பின்னால் சில லைன்கள் மறைந்திருக்கும். அங்கே ரயில்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும், நாடகத்தில் பக்கவாட்டில் நிற்கும் நடிகர்கள் மாதிரி. ஒரு ரயில் போய் மறைந்தால் 'ஊருக்குப் போயிடுச்சு' என்று அர்த்தம்.

சின்ன லே-அவுட்டுக்கு மறைவான ஒரே ஒரு லைன்கூடப் போதும். ஓர் அட்டையோ, ஒரு மேம்பாலமோ, நாலு மரமோ அதை மறைத்துவிடும். இடம் குறைகிறது என்று இதை மட்டும் வெட்டாதீர்கள். இது இல்லாவிட்டால் மறுபடியும் பொம்மை ரயில்தான்.

குன்னூரை எடுத்துக்கலாமா?

இதையெல்லாம் நம்மூர் ஸ்டேஷன் ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். நீலகிரி மலை ரயில் என்றதும் குகையும் பாலமும்தான் நினைவுக்கு வரும். 46 கி.மீ பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள். ஆனால், வேலை நடக்கிற இடம் குன்னூர்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரப் பட்டை உண்டு. 12 அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான ஏற்றம் அது. எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜின், பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளிக்கொண்டே வரும். குன்னூரில் பல்சக்கரப் பட்டை முடிகிறது. நீராவி என்ஜின் கழன்று ஷெட்டுக்குப் போகிறது, ஊட்டிக்குக் கூட்டிப்போக ஒய்.டி.எம்-4 டீசல் என்ஜின் வந்து மாட்டிக்கொள்கிறது. அதோடு முடியவில்லை. வண்டி கொஞ்ச தூரம் பின்னால் நகர்ந்த பிறகுதான் ஊட்டிப் பாதையில் ஏற முடியும். மாலையில் திரும்பும்போது எல்லாம் தலைகீழ்: டீசல் கழலும், நீராவி மாட்டும். இதற்கு நடுவே குன்னூர்-ஊட்டி இடையே மட்டும் ஓடும் ரயில்கள் வேறு.

ஒரு மாடலருக்கு இதைவிட என்ன வேணும்? வண்டிகள் குட்டையானவை, அதனால் அலமாரி அளவு பலகை போதும். பல்சக்கர ஏற்றத்தையும் செய்ய வேண்டாம், ஸ்டேஷன் வாசலிலேயே அது முடிந்துவிடுகிறது. 'மேட்டுப்பாளையம்' ஒரு மறைவு லைன், 'ஊட்டி' இன்னொரு மறைவு லைன். மீட்டர் கேஜ் என்பதால் ஹெச்ஓ-வில் 12 மி.மீ தண்டவாளம் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக அது ஐரோப்பாவில் விற்பனையில் இருக்கிறது. பாயிண்ட்கள் எங்கே இருக்கின்றன, ஷெட்டுக்குப் பாதை எப்படிப் பிரிகிறது என்பதை செல்போன் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே வரைந்துகொள்ளலாம்.

சரக்கு வண்டி ஷண்டிங்தான் பிடிக்கும் என்றால் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். இன்றைய நம் சரக்கு ரயில்கள் நிலக்கரியோ சிமென்ட்டோ ஒரே சரக்கை ஏற்றி மொத்த ரேக்காக நேரே போய்ச் சேர்பவை. சின்ன ஸ்டேஷனில் ஒற்றை வேகனை விட்டுப்போன பழக்கம் 1980-களுக்கு முந்தையது. அப்போது கூட்ஸ் ஷெட்டில் ஒரு வேகன் உரமும், இன்னொரு வேகன் உப்பும் இறங்கும். எந்த ஊர் என்பதோடு எந்த வருஷம் என்றும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

சீட்டு, சாவிக்கொத்து, செல்போன்

எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்று யார் சொல்வது? ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதில் செருகிய ஒரு சீட்டு. சீட்டின் இரண்டு பக்கத்திலும் மேலும் கீழுமாக நாலு முகவரி இருக்கும்: காலியாக ஆலைக்கு, சரக்கோடு துறைமுகத்துக்கு என்று. ஓர் ஆட்டம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த ஆட்டத்துக்குப் புது வேலை ரெடி. 1960-களில் வந்த இந்த முறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பேர் ஓட்டுவதாக இருந்தால் டோக்கன் வையுங்கள். ஒற்றைப் பாதையில் டிரைவரிடம் வளையத்தோடு ஒரு டோக்கனை நீட்டுவதைப் பழைய ஸ்டேஷன்களில் பார்த்திருப்பீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அந்த ரயில் மட்டும்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். வீட்டில் ஒரு சாவிக்கொத்து போதும். கடிகாரத்தையும் வேகமாக ஓடவிடுகிறார்கள். நிஜத்தில் ஒரு நிமிஷம், லே-அவுட்டில் ஆறு நிமிஷம் என்றால் ஒரு முழு நாள் டைம்டேபிள் நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட டிசிசி என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு குட்டி சிப், அதற்கென ஒரு நம்பர். ஜே.எம்.ஆர்.ஐ என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு டிசிசி-யோடு இணைத்தால், 'என்ஜின் டிரைவர்' ஆண்ட்ராய்டு ஆப் வழியாக உங்கள் செல்போனே ரிமோட் ஆகிவிடும். இதெல்லாம் வருவதற்கு முன்பே, அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் மாணவர்களின் மாடல் ரயில் கிளப் ஒன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து பலகைக்கு அடியில் ஒரு பெரிய கட்டுப்பாட்டு அமைப்பையே கட்டியிருந்தது. கம்ப்யூட்டர் உலகில் 'ஹேக்கர்' என்ற சொல் பரவியதே அந்த கிளப்பிலிருந்துதான் என்பார்கள்.

ஆனால், முதல் நாளே டிசிசி வேண்டாம். இங்கிள்நூக்குக்கு ஓர் என்ஜினும் சாதாரண கன்ட்ரோலரும் போதும். அதுக்கும் முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பெரிய தண்டவாள கம்பெனிகள் தங்கள் பாயிண்ட்களின் அசல் அளவு படங்களை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கின்றன. பிரின்ட் எடுத்து, வெட்டி, தரையில் செலோ டேப்பால் ஒட்டுங்கள். வேகன் நீளத்துக்கு எட்டு அட்டைத் துண்டு, என்ஜினுக்கு ஒன்று. சீட்டைக் குலுக்கி, அட்டை ரயிலை ஒரு வாரம் தள்ளிப் பாருங்கள். எட்டாம் நாளும் கை அந்த அட்டைகளைத் தேடினால் பலகையும் தண்டவாளமும் வாங்கக் கிளம்பலாம்.